வலப்பக்கம் திருகினால் விளக்கு

எங்கள் படகில் இரண்டு பெட்டரிகள் இருக்கின்றன. மாடி வீடு கட்டியவன் போல இதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறேன் என்று பக்கத்துப் படகுக்காரர்களுக்கு என்மேல் ஒரு கேலி உண்டு. அவர்கள் சொல்வது சரிதான், சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. ஒன்று இன்ஜினை இயக்குவதற்கு, மற்றது விளக்குக்கு. விஷயம் இவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு நாளும் படகில் ஏறி, பலகைப் பெட்டியின் மூடியைத் தூக்கி, இரண்டையும் அருகருகே பார்க்கும்போது என் வாய் தானாக அல்ஹம்துலில்லாஹ் என்கிறது. பெட்டரியைப் பார்த்து அல்லாஹ்வைப் புகழும் நிலைக்கு நான் எப்படி வந்தேன் என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

படகு சின்னது. கல்முனைக் கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி நங்கூரத்தில் நிற்கும். சின்னத் தோணியில் போய் அதில் ஏறுவோம். தொழிலுக்குப் போவது மூன்று பேர். நான், என் தங்கச்சியின் மாப்பிள்ளையான மச்சான், மூன்றாவது காக்கா. காக்கா எங்களுக்குச் சொந்தமில்லை. எங்களைவிட மூத்தவர் என்பதால் காக்கா, அவ்வளவுதான். அடுப்பு அவர் பொறுப்பு, இன்ஜின் மச்சானின் பொறுப்பு. வலையும் விளக்கும் என்னுடையவை. சத்தம் போடுவதும் என்னுடையதுதான் என்று காக்கா சேர்த்துச் சொல்வார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதை நான் மறைத்ததில்லை, மறைக்கவும் வராது.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் உடுப்புப் பெட்டியைக் கட்டிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போக வேண்டும். நான் நற்பிட்டிமுனைக்குப் போனேன். மச்சான் பாலமுனையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தான். நான் பிறந்த வீட்டில், என் வாப்பா இருந்த கதிரையில் இப்போது அவன்தான் உட்கார்கிறான். என் உம்மாவுக்கு மருந்து எடுத்துக் கொடுப்பதும் அவன்தான். அவனுடைய சொந்த உம்மாவை அவன் பார்ப்பது வெள்ளிக்கிழமைகளில் மட்டும். வெள்ளிக்கிழமை எங்கள் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை. வியாழன் பின்னேரம் போனவர்களும் விடியற்காலையில் திரும்பிவிடுவார்கள். மச்சான் வந்ததும் குளித்து, வெள்ளைச் சாரன் உடுத்து, பாலமுனைக்கு பஸ் ஏறுவான். அங்கே ஜும்ஆ தொழுது, உம்மா ஆக்கிய சோற்றைத் தின்று, அஸருக்குப் பிறகு ஒரு பை நிறைய எதையாவது சுமந்துகொண்டு திரும்புவான். பையில் முருங்கைக்காய் இருக்கும், இல்லாவிட்டால் மாங்காய் இருக்கும். ஏதோ ஒன்று எங்கள் வீட்டுக்கு வராமல் இருக்காது.

அப்போது படகில் இருந்தது ஒரே ஒரு பெட்டரி. இன்ஜின் ஸ்டார்ட் ஆவதும், விளக்கு எரிவதும், கரையோடு கதைக்கும் செட்டு வேலை செய்வதும், எங்கள் போன்களுக்குச் சார்ஜ் ஏறுவதும் எல்லாம் அதில்தான். அது கொஞ்ச நாளாகவே தளர்ந்து போயிருந்தது.

அந்த வியாழக்கிழமை பின்னேரம் தோணியிலிருந்து படகுக்கு வலையைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். வெயில் முதுகைச் சுட்டது. அந்த நேரம் பார்த்து மச்சான் சொன்னான்.

“மச்சான், வலைய விட்டுட்டு அந்தப் பெரிய லைட்ட மறக்காம அணைச்சிரு. பெட்டரி முந்தி மாதிரி இல்ல.”

சாதாரணமான பேச்சு. எனக்கு ஏனோ சுர்ரென்று ஏறிவிட்டது.

“என்ட வேலைய நான் பாப்பன். நீ ஒன்ட இன்ஜினப் பாரு.”

அவன் இன்ஜின் பக்கம் போனான். காக்கா அரிசி கழுவிய தண்ணீரைக் கடலில் ஊற்றிக்கொண்டே, “தொடங்கிட்டான்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

வலை விட்டோம், சாப்பிட்டோம். நான் வலைக் குவியலின் மேல் சாய்ந்தேன். சற்றே கண்ணை மூடுவோம் என்றுதான் சாய்ந்தேன். சுபஹ் நேரத்தில் காக்கா தட்டி எழுப்பியபோது பெரிய விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. எரிந்தது என்று சொல்வதுகூடப் பொய். கம்பி மட்டும் சிவந்திருந்தது. நான் பாய்ந்து அணைத்தேன். மச்சான் என்னைப் பார்த்தான், பிறகு முகம் கழுவப் போனான். தொழுதோம், வலையை இழுத்து ஏற்றினோம். மீன் மோசமில்லை. பிறகு அவன் போய் இன்ஜின் சாவியைத் திருகினான். டிக் என்றது. மறுபடி திருகினான். அந்த டிக் கூட இல்லை.

செட்டு செத்துக் கிடந்தது. என் போன் நேற்றே அணைந்திருந்தது. மச்சான் தன்னுடையதைச் சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்திருந்தான், அதற்கும் எதுவும் ஏறவில்லை. காக்கா போன் வைத்துக்கொள்வதில்லை. மற்ற நாளாக இருந்தால் கூப்பிடு தூரத்தில் நாலு படகாவது நிற்கும். அன்று வெள்ளிக்கிழமை. எல்லோரும் ஜும்ஆவுக்குக் கரையேறிவிட்டார்கள். கடல் துடைத்து விட்டது போல் இருந்தது.

நீரோட்டம் எங்களைத் தெற்கே கொண்டுபோனது. வெயில் ஏற ஏறத் தூரத்தில் தென்னை வரிசையும் ஒரு பள்ளி மினாராவும் தெரிந்தன. மச்சான் கையை நெற்றியில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“அது எங்கட ஊரு. பஸ்ஸுக்கும் வேல இல்ல, நீந்தினாலே போயிரலாம். உம்மா இந்நேரம் சோறு ஆக்கத் தொடங்கியிருப்பா.”

அந்த நேரம் அங்கே அவனுடைய உம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். சுபஹுக்குக் கொஞ்சம் முன்னால் மூச்சு நின்றிருந்தது. எங்களுக்கு அது தெரியாது.

திருக்கோவில் படகு ஒன்று எங்களைக் கண்டது. அது தமிழ் ஊர், அங்கே வெள்ளிக்கிழமையும் தொழில் உண்டு. அதில் இருந்தவர்கள் இரண்டு பேர். அவர்கள் வலையைக்கூட விட்டிருக்கவில்லை, தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். காக்கா வெள்ளைச் சாரனைக் கழியில் கட்டி ஆட்டியதைப் பார்த்துத் திரும்பி வந்தார்கள். ஒரு கேள்வி கேட்கவில்லை. குடிக்கத் தண்ணீர் தந்தார்கள், கயிறு போட்டார்கள், தங்கள் ஒரு நாள் தொழிலை விட்டுவிட்டு எங்களை இழுத்துக்கொண்டு போய்த் திருக்கோவில் கரையில் விட்டார்கள். அவர்களை நினைக்காமல் நான் அந்தக் கடலைக் கடப்பதில்லை.

கரையில் அவர்களில் ஒருவர் தன் போனை மச்சானிடம் நீட்டினார். வீட்டுக்குச் சொல்லுங்கள், தேடுவார்கள் என்றார். மச்சான் என் தங்கச்சிக்கு எடுத்தான். அவள் என்ன சொன்னாளோ, அவன் மணலில் மெல்ல உட்கார்ந்தான். “எப்ப?” என்று மட்டும் கேட்டான். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்து, “உம்மா போயிட்டா” என்றான். கேட்ட அடுத்த நிமிடம் அந்த மனிதர் ஓடிப்போய்த் தன் மோட்டார் சைக்கிளை எடுத்து வந்தார். மீன் வாடையும் ஈரச் சாரனுமாக இருந்தவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அவரே பாலமுனைக்குக் கொண்டுபோனார்.

நானும் காக்காவும் ஓட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அவன் மையவாடியில் நின்றுகொண்டிருந்தான். கபுறின் மேல் தெளித்த தண்ணீர் இன்னும் காயவில்லை. ஜும்ஆ முடிந்து, அவனுக்காக இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்துதான் அடக்கினார்களாம். எங்களில் மையத்தான உடலை வைத்துக்கொண்டு நாள்கணக்கில் காத்திருப்பதில்லை. யாரையும் குறை சொல்ல முடியாது. மூன்று பிடி மண் போட அவனுக்கு வாய்க்காமல் போயிற்று. அவன் துஆ ஓதிவிட்டு வீட்டுக்குப் போனான். கதிரையில் குனிந்திருந்த அவனுடைய வாப்பா தலையைத் தூக்கி, “சாப்பிட்டயா மனே?” என்று கேட்டார். அதைக் கேட்ட பிறகுதான் அவன் அழுதான்.

நான் வாசலிலேயே நின்றேன்.

ஒரு வாரம் கழித்து அவனிடம் பேச்சை எடுத்தேன். “மச்சான், அந்த லைட்டு...” என்று தொடங்கினேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். “விடு மச்சான். வலை கிழிஞ்சி கெடக்கு, கட்டணும்.” இன்னொரு தடவை கேட்டேன், அப்போதும் அப்படித்தான். மன்னித்துவிட்டான் என்று ஒரு நாள் நினைப்பேன். மறுநாள், மன்னிக்க முடியாமல்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறான் என்று நினைப்பேன். ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஏசத் தெரிந்த ஆளுக்கு ஏச்சு வாங்குவதும் பழக்கம்தானே.

ஒன்று மட்டும் மனதில் உறுதியாக இருந்தது. அவனுடைய வாப்பா இருக்கிறார், தளர்ந்திருக்கிறார். அவருக்கு ஒன்று என்றால் அவன் போய்ச் சேர வேண்டும். என்னால் இன்னொரு தடவை அது தவறக் கூடாது.

காரைதீவு வீதியில் ஒரு கராஜ் இருக்கிறது. டிராக்டர், ஓட்டோ, நெல் வெட்டும் மெஷின் எல்லாவற்றுக்கும் வயரிங் செய்கிற ஒரு தமிழ் அண்ணன் அதை நடத்துகிறார். அவரிடம் போய், லொறியில் இருப்பது போல என் படகுக்கும் இரண்டு பெட்டரி பூட்டித் தாருங்கள் என்றேன். அவர் கையைத் துணியில் துடைத்தபடி கேட்டார்.

“லொறியில ரெண்டு பெட்டரியும் சேர்ந்து ஒரு வேலை செய்யும் தம்பி. உங்களுக்கு அதுவா வேணும்?”

நடந்ததைச் சொன்னேன். லைட்டை அணைக்காதது நான்தான் என்பதையும் சொன்னேன். அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்.

“இன்ஜின எழுப்புற பெட்டரி ஒரு மூச்சில பலத்தக் குடுக்கணும். லைட் பெட்டரி விடிய விடியக் கொஞ்சம் கொஞ்சமாக் குடுக்கணும். ஒரே ஆளிட்ட ரெண்டையும் கேட்டா அந்த ஆள் என்ன செய்யும்? உங்களுக்கு ரெண்டு பெட்டரி, ரெண்டு வேலை. ஒண்டு செத்தாலும் மற்றதுக்குத் தெரியவும் கூடாது.”

வாழ்நாள் முழுக்க வயலோரத்தில் வேலை செய்த மனிதர், நங்கூரத்தில் ஆடுகிற படகில் கால் வைத்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். இரண்டு தடவை வாந்தி எடுத்தார். வாந்தி அடங்கக் காக்கா ஒரு புளித் தேசிக்காயை வெட்டிக் கொடுத்தார். அதை மோந்துகொண்டே அவர் வேலை செய்தார். பெட்டரிகள் உருளாதபடி பலகைப் பெட்டியில் வைத்துப் பட்டியால் இறுக்கினார். உப்புக் காற்றுப் பிடிக்காமல் முனைகளில் கிரீஸ் பூசினார். இன்ஜின் ஓடும்போது இரண்டுக்கும் சார்ஜ் ஏறுகிற மாதிரி வயரை இழுத்தார். நடுவில் ஒரு திருகு சுவிச். நேராக நின்றால் நிறுத்தம், ஒரு பக்கம் திருகினால் ஒரு பெட்டரி, மறுபக்கம் திருகினால் மற்றது. இன்ஜினை எழுப்பும்போது இன்ஜின் பெட்டரிக்குத் திருக வேண்டும், இன்ஜினை நிறுத்தியதும் நேராக்கிவிட்டு, விளக்கு வேண்டும்போது லைட் பெட்டரிக்குத் திருப்ப வேண்டும்.

செட்டுக்கு வந்ததும் நிறுத்தினார்.

“முறைப்படி இது லைட் பெட்டரியிலதான் வரணும். ஆனா அந்தப் பெட்டரி செத்த நேரத்திலயும் கரையில இருந்து கூப்பிட்டா உங்களுக்குக் கேக்கணும். சும்மா கேட்டுக்கொண்டு இருக்கிறதுக்குச் செட்டு பெரிசாக் குடிக்காது. இன்ஜின் பெட்டரியில இருந்து தனியா ஒரு வயர் தாறன்.”

எது எந்தப் பக்கம் என்று அவர் கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. இன்ஜின் பெட்டரி வலப்பக்கம் என்றேன். படகில் பெரிய ஆள் அதுதானே, மரியாதையான இடம் அதற்குத்தான். அவர் சரி என்று பூட்டி, சுவிச்சின் இரு பக்கமும் மையால் எழுதிவிட்டுப் போனார்.

மூன்று வாரம் நன்றாகப் போனது. பிறகு ஒரு காலை இன்ஜின் முக்கி முனகித்தான் எழும்பியது. இரண்டு நாள் கழித்து மறுபடி அதே முனகல். எனக்குத் தலை சூடேறிவிட்டது. கரைக்கு வந்ததும் நேரே கராஜுக்குப் போய், அங்கே நின்ற ஆட்களுக்கு முன்னால் சத்தம் போட்டேன். வேலை தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டியதுதானே என்று கேட்டேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் கேட்டேன். அவர் என் சத்தம் ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெள்ளிக்கிழமை காலையில வாறன். மூண்டு பேரும் நில்லுங்க.”

வந்தார், கையில் இந்த முறை சொந்தத் தேசிக்காய். படகில் ஏறி ஒரு மூலையில் உட்கார்ந்தார். எங்களைத் தோணியிலேயே இருக்கச் சொன்னார்.

“ஒவ்வொருத்தரா ஏறுங்க. இருட்டின நேரம், இன்ஜின் நிண்டிட்டு, லைட்டுப் போடணும் எண்டு நினைச்சிக்கொண்டு வந்து போடுங்க. யோசிக்க வேணாம்.”

முதலில் காக்கா ஏறினார். பிஸ்மில்லாஹ் என்றார், வலக்கையை நீட்டினார், சுவிச்சை வலப்பக்கம் திருகினார். விளக்கு எரிந்தது. அண்ணன் அணைத்துவிட்டு மச்சானைக் கூப்பிட்டார். அவனும் பிஸ்மில்லாஹ், வலக்கை, வலப்பக்கம். கடைசியாக நான் ஏறினேன். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டும் என் கை வலப்பக்கம்தான் போனது.

அவர் சிரிக்கத் தொடங்கினார். வயிற்றுக் குமட்டலையும் மறந்து சிரித்தார்.

“நீங்க சாப்பிடுறது, சட்டை போடுறது, வாசல்ல கால் வைக்கிறது எல்லாம் வலப்பக்கத்தாலதானே தொடங்குவீங்க. உங்கட கலியாண வீட்டுல எத்தினை தரம் சாப்பிட்டிருப்பன், சஹன் தட்டுல கை வைக்கக்குள்ள நானும் பாத்திருக்கன். இருட்டில எழுத்து வாசிக்கிறது ஆர்? கை தன்ட பழக்கத்துக்குத்தான் போகும். அது போற பக்கத்தில இன்ஜின் பெட்டரிய வைச்சிருக்கீங்க. இராவெல்லாம் லைட்டுக்கு அதுதான் எரிஞ்சிருக்கு. லைட் பெட்டரி சும்மா குந்திக்கொண்டு இருந்திருக்கு.”

பிறந்த நாள் முதல் நாங்கள் செய்து வருவதை நாங்களே கவனிக்கவில்லை. பக்கத்து ஊர்க்காரர் கவனித்திருக்கிறார். வலப்பக்கத்தை மரியாதைக்காக நான் இன்ஜினுக்குக் கொடுத்தேன், அதே மரியாதையில் எங்கள் கைகள் அதை ஒவ்வொரு இரவும் வற்ற வைத்திருக்கின்றன.

பத்து நிமிட வேலை, இரண்டு வயர்களையும் இடம் மாற்றினார். இனி வலப்பக்கம் திருகினால் விளக்கு. இன்ஜின் பெட்டரி இடப்பக்கம். “இன்ஜின எழுப்புறது ஒரு ஆள்தானே, அவர் மட்டும் யோசிச்சித் திருகினாப் போதும்” என்று மச்சானைக் காட்டினார். மச்சான் அன்று முதல் இடக்கையைச் சுவிச்சிலும் வலக்கையைச் சாவியிலும் வைத்து இன்ஜினை எழுப்பப் பழகினான். நான் அண்ணனைத் தோணியில் கரைக்குக் கொண்டுவந்து விட்டேன். அண்டைக்கு நான் கதைத்தது பிழை என்றேன். அவர் தேசிக்காயை மோந்துகொண்டே, “முதல்ல கரையில கால் வைக்க விடுங்க” என்றார்.

அதன் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை. வலை ஏறி முடிந்திருந்தது. முதல் நாள் இரவு காக்கா பெரிய விளக்கின் கீழ் மீன் வெட்டிவிட்டு, அப்படியே விட்டுத் தூங்கிவிட்டார். நானும் கவனிக்கவில்லை. லைட் பெட்டரி முழுக்கச் செத்துக் கிடந்தது. நான் அவரை ஏச வாயைத் திறந்தேன். அந்த நேரத்தில் செட்டு கரகரத்தது. எங்கள் படகைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மச்சானின் வாப்பாவுக்கு ஸகராத் நேரம், கடைசி மூச்சு இழுக்குது, உடனே வரச் சொல்லு என்றது குரல்.

செட்டு மட்டும் அந்தப் படகில் உயிரோடு இருந்தது. அதற்கென்று தனி வயர் இழுத்த கை என் கண்ணுக்குள் வந்தது.

மச்சான் எழுந்தான். இடக்கையைச் சுவிச்சில் வைத்து இடப்பக்கம் திருகினான். வலக்கையைச் சாவியில் வைத்தான். வைத்துவிட்டுத் திருகாமல் நின்றான். அந்த டிக் சத்தம்தான் அவன் காதில் கேட்டிருக்கும், என் காதிலும் அதுதான் கேட்டது. “திருகு மச்சான்” என்றேன். திருகினான். முதல் திருகிலேயே இன்ஜின் எழும்பியது. காக்கா அடுப்புக்குப் பக்கத்தில் அப்படியே சுஜூதில் விழுந்துவிட்டார்.

ஊருக்குப் போகவில்லை. நேராகப் பாலமுனைக் கரைக்கு விட்டோம். நெஞ்சளவு தண்ணீர் வந்ததும் மச்சான் குதித்தான். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு அலையைத் தள்ளித் தள்ளிக் கரையேறி மணலில் ஓடினான். அவன் தென்னைகளுக்குள் மறையும்வரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவன் போனபோது வாப்பாவுக்கு நினைவு இருந்தது. கண்ணைத் திறந்து பார்த்து உதட்டை அசைத்தாராம். மச்சான் குனிந்து காதைக் கொடுத்தானாம். “சாப்பிட்டயா?” என்று கேட்டிருக்கிறார். ஓம் வாப்பா என்று சொல்லியிருக்கிறான். அவன் கையால் தண்ணீர் குடித்தார். அவன் கலிமா சொல்லிக் கொடுக்க, அஸர் நேரத்தில் அமைதியாகப் போனார். அவனே குளிப்பாட்டினான், அவனே கபுறுக்குள் இறங்கி வாப்பாவை வாங்கிப் படுக்க வைத்தான். மேலே வந்து மூன்று பிடி மண் போட்டான். அவனுக்குப் பின்னால் நின்று நானும் போட்டேன். மையத்து அடக்கிவிட்டு வருகிறவன் சந்தோஷமாக இருந்தேன் என்று எழுதுவது சரியோ தெரியாது. ஆனால் அன்று மையவாடியிலிருந்து நடந்து வரும்போது என் நெஞ்சில் இருந்தது அதுதான்.

அடுத்த நாள் காரைதீவுக்குப் போய் அண்ணனிடம் சொன்னேன். அவர் ஒரு டிராக்டரின் கீழே படுத்திருந்தார். வெளியே வந்து, முழுவதையும் கேட்டு, கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

“நல்ல காலம் தம்பி, அண்டைக்கு நீங்க வந்து சத்தம் போட்டது. போடாட்டி இன்ஜின் பெட்டரி வலப்பக்கத்திலயே கிடந்திருக்கும்.”

என் கோபத்துக்கு நன்றி சொன்ன ஒரே மனிதர் அவர்தான். என் மனைவியிடம் இதைச் சொன்னேன், அவள் நம்பவில்லை.

ஒரு வாரம் கழித்து மச்சான் தொழிலுக்கு வந்தான். மஃரிப் தொழுது, வலையை விட்டு முடித்தோம். இன்ஜினை நிறுத்தினான். நான் பிஸ்மில்லாஹ் சொல்லி வலப்பக்கம் திருகினேன், பெரிய விளக்கு எரிந்தது. அவன் என் பக்கத்தில் வலைக் குவியலின் மேல் வந்து உட்கார்ந்தான்.

“மச்சான், உம்மா மௌத்தான அண்டைக்கு இரவு நான் இடையில ஒருக்கா எழும்பினன்.”

அவன் விளக்கை அண்ணாந்து பார்த்தான்.

“பெரிய லைட்டு எரிஞ்சிது. நீ நல்ல தூக்கம். கைய நீட்டினா அணைச்சிரிக்கலாம்.”

“மறுகா என்ன?” என்றேன்.

“பின்னேரம் நீ சொன்னாய்தானே, ஒன்ட வேலைய நீ பாப்பாய் எண்டு. பாக்கட்டும் எண்டுட்டுத் திரும்பிப் படுத்துட்டன்.” அவன் வலைக் கயிற்றை விரலில் சுற்றினான். “நீ அந்த லைட்டப் பத்திக் கதைக்க வரக்குள்ள எல்லாம் எனக்கு ஒன்ட முகத்தப் பாக்க ஏலாமப் போயிட்டு. வாப்பாவ என்ட கையால அடக்கின பிறகுதான் இதச் சொல்ல வாய் வந்திரிக்கி.”

அவன் மௌனத்தை நான் என்னென்னவோ கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அந்த ஒரு விளக்கின் பாரத்தை இவனும் இவ்வளவு நாள் தனியாகச் சுமந்திருக்கிறான் என்பது என் புத்தியில் ஒரு தடவைகூடப் படவில்லை. அவன் தோளில் கையைப் போட்டேன். எனக்குக் கண்ணீர் வந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு இருந்தோம்.

அடுப்புப் பக்கத்திலிருந்து காக்கா குரல் கொடுத்தார்.

“கதைச்சி முடிஞ்சா ஆராவது அந்த லைட்ட அணைங்க. பெட்டரி போகும்.”

இரண்டு பேரும் ஒன்றாக எழுந்தோம்.

எங்கள் படகில் இப்போது பெரிய விளக்கை அணைப்பது யாருடைய வேலையும் இல்லை. யார் கண்ணில் படுகிறதோ அவர் அணைக்கிறார்.